கரிக்கு ஈடாக வந்த மனிதர்



இரு நாடுகள் நட்புப் பூண்டன என்று நாளேட்டில் படிக்கும்போது நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? விமான நிலையத்தில் விரித்த கம்பளம், கைகுலுக்கும் இரு தலைவர்கள், மேசைமீது ஓர் ஒப்பந்தத் தாள். பண்டைக் காலமாயின் ஓர் அரச திருமணம். பெல்ஜிய நாட்டு இளவரசர் ஆல்பர்ட் 1959-ஆம் ஆண்டில் இத்தாலியப் பிரபு குலத்துப் பெண்ணாகிய பவோலாவை மணந்தார். பவோலா 1993 முதல் 2013 வரை அந்நாட்டின் அரசியாகவும் விளங்கினார். ஆனால் அந்த மணமகள் வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, கயிற்றால் கட்டிய அட்டைப் பெட்டியைத் தோளில் சுமந்து, இத்தாலிய ஆடவர் பல்லாயிரவர் ரயிலேறி அந்நாட்டுக்கு வந்துவிட்டனர். அவர்களை வரவேற்க எவரும் கம்பளம் விரிக்கவில்லை. இம்மாதம் அவர்களைப் பற்றியே பேச விழைகிறோம்.

இவ்விரு நாடுகளும் நமக்கு அறவே அந்நியமானவை அல்ல. தேம்பாவணி தந்த வீரமாமுனிவரை ஈன்றது இத்தாலி. 1897-இல் முளகுமூட்டுக்கு வந்து அநாதைப் பெண்பிள்ளைகளை அணைத்துக்கொண்ட தாய் மரிய லூயிசா தெ மீஸ்டர் பிறந்த மண் பெல்ஜியம். ஆயினும் இப்பொருளை நாம் எடுத்ததற்குக் காரணம் அதுவன்று. சில வாரங்களுக்கு முன் காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். பையன் வளைகுடா நாடொன்றுக்குக் கட்டட வேலைக்குப் புறப்படுகிறான். கடவுச்சீட்டை நீட்டி மந்திரித்துத் தரக் கேட்டார். மந்திரித்தோம். பிறகு அந்த அம்மாள் தயங்கியபடி, “சாமி, போற எடத்துல இவன மனுசனா மதிப்பாங்களா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு உடனே விடை கூற நமக்கு வாய் வரவில்லை. அன்று மாலை பழைய நூல்களைப் புரட்டியபோது மீண்டும் கண்ணில் பட்டதுதான் இந்த வரலாறு.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியும் பெல்ஜியமும் எதிரெதிர் அணியில் நின்றவை. 1940-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பெல்ஜிய மண்ணிலிருந்தே முசோலினியின் விமானங்கள் இங்கிலாந்தின்மீது குண்டு வீசப் பறந்தன. மறு ஆண்டு எத்தியோப்பியாவின் சயோ என்னும் இடத்தில் இத்தாலியப் படையொன்று, காங்கோவிலிருந்து வந்த பெல்ஜியப் படையிடம் சரணடைந்தது. ஆகவே போர் முடிந்தபோது இவ்விரு மக்களுக்கும் இடையே அன்பு மிகுந்திருந்தது என்று கூற இயலாது.

போர் ஓய்ந்ததும் பெல்ஜியத்தில் கரிப் பஞ்சம் ஏற்பட்டது. ஆலைகள் ஓடவும் வீடுகளில் அடுப்பெரியவும் நிலக்கரி வேண்டும். நிலக்கரியோ பூமிக்கடியில் கிடந்தது; அதை வெட்டியெடுக்க ஆளில்லை. பெல்ஜியத் தொழிலாளி தன் மகன் சுரங்கத்தில் இறங்குவதை விரும்பவில்லை. வலோனியப் பகுதியின் சுரங்கங்கள் மிகப் பழையவை, ஆழமானவை. கரிப் படிவங்களோ மெல்லியவை. பல இடங்களில் ஒருக்களித்துப் படுத்தே வெட்ட வேண்டும். பிரதமர் ஆஷில் வான் ஆக்கர் ‘கரிப் போர்’ என்றே ஒரு முயற்சியைத் தொடங்கினார். ஜெர்மானியப் போர்க்கைதிகளைச் சுரங்கத்தில் இறக்கிச் சில காலம் ஒப்பேற்றினர். கைதிகளை என்றென்றும் வைத்திருக்க முடியுமா?

இத்தாலியில் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே ஆட்கள் மிகுதி, வேலை இல்லை, கரியும் இல்லை. 1946 ஜூன் 2-ஆம் நாள் இத்தாலிய மக்கள் முடியாட்சியை நீக்கிக் குடியரசுக்கு வாக்களித்தனர். சரியாக மூன்று வாரம் கழித்து, ஜூன் 23-ஆம் நாள், அல்சிதே தெ காஸ்பெரியின் அரசு உரோமையில் பெல்ஜியத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. வாரத்திற்கு 2,000 பேர் வீதம் 50,000 தொழிலாளரை இத்தாலி அனுப்பும். பெல்ஜியம் தன் நிலக்கரியில் ஒரு பங்கை இத்தாலிக்கு விற்கும். அனுப்பிய ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே கரியின் அளவும் அமையும். இதுதான் பேரத்தின் சாரம்.

இதனை நட்புறவு உடன்படிக்கை என்று அன்றைய அதிகாரிகள் மெச்சியிருக்கலாம். நமக்கோ அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. மனிதனை நிறுத்துக் கரிக்கு மாற்றிக்கொண்ட இடத்தில் நட்பு எங்ஙனம் இருக்கும்? பசித்த நாட்டை ஆள்வோருக்கு வேறு வழி தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பிற்காலத்தில் பூத்த நட்புக்கு இந்தத் தாளையே வித்து என்று கொண்டாடுவோரோடு நமக்கு உடன்பாடில்லை.

இத்தாலியச் சிற்றூர்களின் சுவர்களில் இளஞ்சிவப்பு நிறச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. நல்ல கூலி, குடும்பப்படி, விடுமுறை, ஓய்வூதியம் என்று சலுகைகள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. பூமிக்கடியில் எத்தனை முழம் இறங்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. அப்ருட்சோ மலைநாட்டிலிருந்தும், சிசிலித் தீவிலிருந்தும், கலாபிரியாவிலிருந்தும், வடக்கே பிரியுலியிலிருந்தும் இளைஞர் கிளம்பினர். மிலான் நகர ரயில் நிலையத்தில் அவர்களைத் திரட்டி, மருத்துவப் பரிசோதனை செய்து, தகுதியுடையோரைச் சுவிட்சர்லாந்து வழியாக வடக்கே அனுப்பினர். பெல்ஜிய நிலையங்களில் ரயில் நின்றதும் இந்தச் சுரங்கத்திற்கு இத்தனை பேர் என்று பிரித்து ஏற்றிச் சென்றனர்.

மிலான் நிலையம் என்றவுடன் வேறொரு நினைவும் எழுகிறது. ஏறத்தாழ 1880-ஆம் ஆண்டளவில் பியாச்சென்சா மறைமாவட்ட ஆயர் ஜொவான்னி பத்திஸ்தா ஸ்கலபிரினி மிலான் ரயில் நிலையத்தில், அமெரிக்காவுக்குப் புலம்பெயரக் காத்திருந்த ஏழை மக்களின் கூட்டத்தைக் கண்டு உள்ளம் உருகினார். அந்த உருக்கமே 1887-இல் புலம்பெயர்ந்தோருக்கென ஒரு துறவற சபையாக உருவெடுத்தது. அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 அக்டோபர் 9-ஆம் நாள் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஓர் ஆயர் ரயில் நிலையத்தில் கண்ணைத் திறந்து பார்த்ததன் பயன் இது. நாமும் எத்தனையோ முறை ரயில் நிலையங்களில் நின்றிருக்கிறோம்!

போய்ச் சேர்ந்தவர்களைத் தங்கவைத்த இடம் எது தெரியுமா? போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்த அதே தகரக் கொட்டகைகள். கோடையில் அனலாய்க் கொதிக்கும். குளிர்காலத்தில் தண்ணீர் உறையும். ஊருக்குள் வாடகை வீடு தேடினால், அந்நியருக்கும் விலங்குகளுக்கும் இடமில்லை என்று எழுதிய பலகைகள் தொங்கியதை முதியோர் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். ‘மாக்கரோனி’ என்று அவர்கள் உண்ணும் உணவின் பெயராலேயே ஏளனம் செய்தனர். ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வந்தவன், முதல்நாள் கூண்டில் இறங்கிப் பார்த்து அஞ்சி, இனி இறங்கமாட்டேன் என்று மறுத்தால், அவனைப் பிரசெல்ஸ் நகரத்தின் ‘சிறு கோட்டை’ என்னும் படைக் கொட்டடியில் அடைத்துத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினர்.

அவர்களுக்குத் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் மொழி இல்லை. சிசிலிக்காரன் பேச்சு பிரியுலிக்காரனுக்குப் புரியாது. பள்ளி சென்று பொது இத்தாலிய மொழி கற்றவர் சிலரே. பெல்ஜியத் தொழிலாளியின் வட்டாரப் பிரெஞ்சோ எவருக்கும் புரியாது. ஆனால் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இருட்டில், மேற்கூரையைத் தாங்கும் மரத்தை முட்டுக் கொடுப்பவன் எந்த ஊரான் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் சரியாக முட்டுக் கொடுத்தால் நாம் பிழைப்போம். வேலை முடிந்து மேலே வரும்போது எல்லார் முகமும் ஒரே கறுப்பு. இத்தாலியச் சொல், பிரெஞ்சுச் சொல், பிளெமிஷ் சொல் எல்லாம் கலந்த ஒரு சுரங்கப் பேச்சு தானாகவே பிறந்தது. டிசம்பர் 4-ஆம் நாள் சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியாகிய புனித பார்பரம்மாள் திருநாள் இரு மக்களுக்கும் பொதுவான திருநாள். திருப்பலிக்கும் விருந்துக்கும் யாவரும் ஒன்றாகச் சென்றனர். கால்பந்து மைதானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆண்கள் தொடங்கியதைப் பெண்கள் நிறைவு செய்தனர் என்பது நம் கருத்து. மனைவி மக்கள் வந்து சேர்ந்த பிறகே கொட்டகைகள் வீடுகளாயின. ஓரத்து மண்ணைக் கொத்தித் தக்காளி நட்டனர். பிள்ளைகள் பங்குப் பள்ளிக்குச் சென்று மூன்றே மாதத்தில் பிரெஞ்சு பேசினர். கடைக்கும் மருத்துவரிடமும் தாய்க்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர்கள் அவர்களே. அடுத்த வீட்டுப் பெல்ஜியப் பெண்மணி முதலில் சன்னலைச் சாத்தியிருப்பார். பிறகு குழம்பின் மணம் வந்து சன்னலைத் திறந்திருப்பார். இன்று பெல்ஜியக் குடும்பங்களில் இத்தாலிய உணவு அன்றாட உணவு. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 ஆகஸ்டு 1-ஆம் நாள் புலம்பெயர்ந்தோர் குறித்து வெளியிட்ட ஏட்டில், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே புலம்பெயர்ந்த குடும்பங்கள் அனைத்திற்கும் மாதிரியாகக் காட்டியதை இங்கு நினைத்தல் தகும். தத்தம் மொழியிலேயே அவர்களுக்கு ஞான மேய்ப்புப் பணி கிடைக்கவேண்டும் என்பதும் அவ்வேட்டின் நோக்கம். அதன்படி இத்தாலியக் குருக்கள் சுரங்கப் பகுதிகளில் தங்கிப் பாவசங்கீர்த்தனம் கேட்டனர், கடிதம் எழுதிக் கொடுத்தனர், கூலித் தகராறுகளில் நடுவே நின்றனர்.

இனிச் சொல்லப்போவது துயரமானது. ஷார்லெருவா நகரத்தை அடுத்த மார்சினெல் என்னும் ஊரில் ‘புவா தியூ காசியே’ என்றொரு சுரங்கம். 1956 ஆகஸ்டு 8-ஆம் நாள் காலை எட்டு மணி பத்து நிமிடம். 975 மீட்டர் ஆழத்தில் கரிவண்டி ஒன்று கூண்டுக்குள் முழுதாக ஏறாமல் துருத்திக்கொண்டு நின்றது. கீழிருந்தவருக்கும் மேலிருந்தவருக்கும் இடையே குறிப்பறிவதில் பிழை நேர்ந்தது. கூண்டு மேலே இழுக்கப்பட்டது. துருத்திய வண்டி ஓர் உத்திரத்தை மோதிப் பெயர்க்க, அது எண்ணெய்க் குழாயையும் மின்கம்பிகளையும் காற்றழுத்தக் குழாய்களையும் அறுத்தது. தீ மூண்டது. மரத்தாலான பகுதிகள் பற்றிக்கொண்டன. காற்று செல்லும் வழியே புகையும் நச்சுவாயுவும் சுரங்கமெங்கும் சென்றன. அப்போது கீழே இருந்தவர் 275 பேர். உயிரோடு மீண்டவர் 13 பேர் மட்டுமே.

இரும்புக் கதவுக்கு வெளியே தாய்மாரும் மனைவியரும் கம்பிகளைப் பற்றிக்கொண்டு நின்றனர். ஒரு நாள் அல்ல, இரு வாரங்கள். இத்தாலியப் பெண் சிலுவை அடையாளமிட்டு அழுதாள். அவள் அருகில் பெல்ஜியப் பெண் நின்று அழுதாள். இளம் மன்னர் போதுவேன் நேரில் வந்தார். மீட்புக் குழுவினர் உயிரைப் பொருட்படுத்தாது மீண்டும் மீண்டும் இறங்கினர். அவர்களுள் ஆஞ்செலோ கல்வான் என்ற இத்தாலியரின் பெயர் இன்றும் போற்றப்படுகிறது. ஆகஸ்டு 23-ஆம் நாள் மீட்பாளர் ஒருவர் மேலே வந்து இரண்டே சொற்கள் சொன்னார்: “துத்தி கதாவெரி” - எல்லாரும் பிணங்களே. அதை அவர் சொன்னது இத்தாலிய மொழியில். மொழிபெயர்க்க வேண்டிய தேவை அங்கிருந்த எவருக்கும் ஏற்படவில்லை.

மாண்டவர் 262 பேர். இத்தாலியர் 136, பெல்ஜியர் 95. எஞ்சியோர் போலந்து, கிரேக்கம், ஜெர்மனி, பிரான்சு, ஹங்கேரி முதலிய நாட்டினர். தந்தையை இழந்த பிள்ளைகள் நானூறு பேருக்கு மேல். இத்தாலியருள் 60 பேர் அப்ருட்சோ பகுதியினர். அவர்களிலும் இருபதுக்கு மேற்பட்டோர் மனொப்பெல்லோ என்ற ஒரே சிற்றூரைச் சேர்ந்தவர். ஆண்டவரின் திருமுகம் பதிந்ததாகப் போற்றப்படும் துகிலை வணங்க நம் காலத்தில் மக்கள் திரளும் ஊர் அது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2006-இல் அங்குத் திருயாத்திரையாகச் சென்றார். அத்திருத்தலத்து மணி 1956-இல் எத்தனை வீடுகளுக்காக ஒலித்திருக்கும்!

இவ்விபத்து நிகழ்ந்த பிறகே பெல்ஜிய மக்கள் தம் அண்டை வீட்டாரை உற்று நோக்கினர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். நாடெங்கும் நன்கொடை திரண்டது. இத்தாலிய அரசு பெல்ஜியச் சுரங்கங்களுக்கு ஆளனுப்புவதை நிறுத்தியது. உருக்கு, நிலக்கரிச் சமூகத்தின் ஆறு நாடுகளும் சுரங்கப் பாதுகாப்புக்கென ஒரு நிலையான ஆணையத்தை 1957-இல் அமைத்தன. நீதிமன்ற விசாரணை மட்டும் நம் மனத்திற்கு நிறைவளிக்கவில்லை: இறுதியில் தண்டனை பெற்றவர் பொறியாளர் ஒருவரே, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதத் தண்டனை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். அந்த 136 பேரின் இரத்தத்தால் இரு நாடுகளின் நட்பு வளர்ந்தது என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. அவர்கள் நட்பை வளர்க்கச் சாகவில்லை. பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கச் சென்றார்கள். முன்பே செய்திருக்கவேண்டிய காவல் ஏற்பாடுகளைச் செய்யாததால் செத்தார்கள். மார்சினெலுக்கு முந்திய பத்தாண்டுகளிலும் ஒருவர் இருவராக, எவரும் செய்தி எழுதாமல், பெல்ஜியச் சுரங்கங்களில் மாண்ட இத்தாலியர் பல நூற்றுவர். அச்சாவுகளைத் தியாகம் என்று நாம் எளிதில் பெயரிட்டு அமைதி கொள்ளலாகாது.

நட்பை வளர்த்தவர் சாகாமல் எஞ்சியவர். விபத்துக்குப் பிறகும் பலர் ஊர் திரும்பவில்லை. பெல்ஜியத் தோழரோடு தொழிற்சங்கங்களில் அமர்ந்து வழக்காடினர். சிலிக்கா கலந்த பாறைத்தூள் நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் நோயை இத்தாலி 1943-லேயே தொழில்நோயாக ஏற்றுக்கொண்டிருந்தது; பெல்ஜியம் ஏற்றது 1963-இல்தான். கோலார் தங்கவயலில் உழைத்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்நோயைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அன்று கிடைத்த இழப்பீடு இத்தாலியருக்கு மட்டுமா கிடைத்தது? இருமிக்கொண்டிருந்த பெல்ஜியத் தாத்தாவுக்கும் கிடைத்தது. வந்தேறி என்று இகழப்பட்டவன் உள்ளூரானுக்கும் உரிமை பெற்றுத் தந்தான்.

அவர்களின் பிள்ளைகளைப் பாருங்கள். சிசிலியின் கொமிசோவில் 1943-இல் பிறந்து, சுரங்கத் தொழிலாளியான தந்தையைப் பின்தொடர்ந்து குழந்தையாக வந்த சால்வத்தோரே அதாமோ, பிரெஞ்சு மொழியில் பாடி உலகப் புகழ் பெற்றார். கலாபிரியாவிலிருந்து பத்து வயதில் வந்த ரொக்கோ கிரனாதாவும் சுரங்கத் தொழிலாளியின் மகனே. 1959-இல் அவர் பாடிய ‘மரீனா’ ஐரோப்பா முழுதும் ஒலித்தது. சிசிலியப் பெற்றோருக்கு லா லூவியேரில் பிறந்த என்சோ ஷிஃபோ, 1986 முதல் 1998 வரை நான்கு உலகக் கோப்பைப் போட்டிகளில் பெல்ஜியத்திற்காகக் கால்பந்து ஆடினார்.

இவர்களிலும் நம்மைக் கவர்ந்தவர் எலியோ தி ரூப்போ. அப்ருட்சோவிலிருந்து 1947-இல் பெல்ஜியம் வந்த தொழிலாளியின் மகன், 1951-இல் பிறந்தவர். ஓராண்டுக் குழந்தையாக இருக்கும்போதே தந்தை சாலை விபத்தில் மாண்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறூட்ட முடியாத தாய், சிலரை அநாதை விடுதியில் சேர்க்க நேர்ந்தது. அந்தத் தாயிடம் வளர்ந்த மகன் 2011 டிசம்பரில் பெல்ஜியத்தின் பிரதமரானார். அவருடைய அரசியல் கொள்கைகளோடு நமக்கு உடன்பாடு உண்டா என்பது வேறு. ஆயினும் கொட்டகைகளில் குடியிருந்தோரின் பிள்ளை ஆட்சிக் கட்டிலில் அமர்ந்ததை இரு நாட்டாரும் ‘நம்மவன்’ என்று கூறி மகிழ்ந்தது மெய்.

வெற்றிக் கதையாகவே இதை முடித்துவிட்டால் பொய்யாகும். இத்தாலி ஆளனுப்ப மறுத்ததும் பெல்ஜியம் 1956-இல் ஸ்பெயினோடும், 1957-இல் கிரேக்கத்தோடும், 1964-இல் மொராக்கோ, துருக்கி நாடுகளோடும் உடன்படிக்கை செய்துகொண்டது. புதிதாக வந்தவர்களைப் பார்த்து முணுமுணுத்தோருள் பழைய இத்தாலியரும் சிலர் இருந்தனர் என்றால் வியக்கவேண்டாம். மனித இயல்பு அது. 1968-இல் ஐரோப்பியச் சமூகத்தின் தொழிலாளர் நாடுவிட்டு நாடு சென்று உழைக்கும் உரிமை சட்டமாயிற்று; இத்தாலியன் இனி பெல்ஜியத்தில் கைதியல்லன். ஆனால் தான் குடியிருக்கும் ஊரின் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க அவன் 2000-ஆம் ஆண்டு வரை காத்திருந்தான். முதலில் வந்தவர்களுள் எத்தனை பேர் அதற்குள் கல்லறையில் இருந்தனரோ!

காசியே சுரங்கம் 1967-இல் மூடப்பட்டது. வலோனியாவின் கடைசிச் சுரங்கம் 1984-லும், லிம்பர்க் பகுதியின் கடைசிச் சுரங்கம் 1992-லும் மூடப்பட்டன. எந்தக் கரிக்காக மனிதரை மாற்றினார்களோ அந்தக் கரியை இன்று அங்கே எவரும் வெட்டுவதில்லை. மனிதர் மட்டும் இருக்கின்றனர். சுரங்க வளாகம் நினைவகமாகி, 2012-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஆகஸ்டு 8-ஆம் நாளை, உலகெங்கும் உழைத்து மாண்ட இத்தாலியரின் தேசிய நினைவு நாளாக இத்தாலி 2001-இல் அறிவித்தது. ஷார்லெருவாவும் மனொப்பெல்லோவும் இன்று இணை நகரங்கள். ஆண்டுதோறும் அந்நாளில் 262 பேரின் பெயர்களும் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன, மணி ஒலிக்கிறது. பெயர்களில் நாட்டு வேறுபாடு பார்ப்பதில்லை.

கடவுச்சீட்டோடு வந்த அந்தத் தாய்க்கு நாம் அன்று வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்றோம். மறு ஞாயிறு முதல் நம் பங்கில் வெளிநாட்டில் உழைப்போரின் பெயர்களை விசுவாசிகள் மன்றாட்டின்போது வாசிக்கத் தொடங்கினோம். முதல் வாரம் அவர் மகனின் பெயரோடு ஒன்பது பெயர்கள். சென்ற ஞாயிறு நாற்பத்தொன்று. நம் ஊருக்கு வடக்கேயிருந்து ரயிலேறி வந்து செங்கற்சூளையில் வேலை செய்யும் நான்கு இளைஞரின் பெயர்களையும் அதில் சேர்த்திருக்கிறோம். உச்சரிப்பில் தவறினோம் போலும், பின்வரிசையில் நின்ற ஒருவன் சிரித்தான். விடுபட்ட பெயர்கள் இருப்பின் சனிக்கிழமை மாலைக்குள் உபதேசியாரிடம் எழுதிக் கொடுங்கள்.